வலது ஓரம் மட்டும்

ஜூன் 18, வியாழன்

மிருதுளா இன்று நடந்தாள்.

லென்ஸ் கீழே விழுந்துவிட்டது.

இரண்டையும் ஒரே வரியில் எழுத வரவில்லை. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நிதானமாகவே எழுதுகிறேன்.

காலையில் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் பாலகுரு அச்சகத்தில் வேலையில். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கலட்சுமி அக்காவின் காலண்டருக்குக் குழந்தைப் படங்கள் எடுக்க வேண்டும். மிருதுளா பிறந்த பிறகு நான் ஒப்புக்கொண்ட முதல் வேலை. ஒரு வருடமாகப் பீரோவில் கிடந்த கேமரா பையை எடுத்தேன். மதுரை ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கிய பெரிய லென்ஸ் அதில் இருந்தது. பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிருதுளா டிவி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது வழக்கம்தான். திடீரென்று மேசையை விட்டாள். என்னைப் பார்த்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. மூன்றாவதற்குக் காலைத் தூக்கியபோது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. அதில் ஒரு கையில் லென்ஸ் இருந்தது என்பது கைக்கு ஞாபகமில்லை.

மொசைக் தரையில் 'டங்' என்று ஒரு சத்தம். அவள் பயந்து பொத்தென்று உட்கார்ந்து வீறிட்டாள். நான் தூக்கி முத்தம் கொடுத்தேன், சிரித்தேன், கொஞ்சம் அழுதேன், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயிடம்கூடச் சொன்னேன். லென்ஸ் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது வெகு நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அத்தை வந்ததும் சொன்னேன்.

"நடந்தாளா? எங்க, ஒரு எட்டு வைக்கச் சொல்லு பாப்போம்."

நிறுத்தி வைத்தேன். மிருதுளா உட்கார்ந்துகொண்டு ரேஷன் பையைச் சப்பினாள்.

"அவ நின்னுருப்பா, உனக்கு நடந்த மாதிரி தெரிஞ்சிருக்கும்" என்றார் அத்தை. "நீ போட்டோக்காரி. நடந்தான்னா படம் எங்க?"

படம் எங்கே! கேமரா பையில், லென்ஸ் கையில்.

லென்ஸின் முன்னால் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி உடைந்திருக்கிறது. அதன் வளையத்தில் ஒரு பள்ளம். கழற்ற வரவில்லை. உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியாது.


ஜூன் 19, வெள்ளி

கூகுளில் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பார்த்தேன்.

விழுந்த லென்ஸை ஆட்டினால் சத்தம் வந்தால் ஆபத்து என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல லென்ஸிலும் சத்தம் வரும் என்று இன்னொருவர். காதோடு வைத்து ஆட்டினேன். லேசாகக் 'கட கட' என்றது. முன்பும் இப்படித்தான் சத்தம் வந்ததா? ஆறு வருடமாக என்னிடம் இருக்கும் பொருள், ஒரு நாள்கூட ஆட்டிப் பார்த்ததில்லை. மிருதுளா தூங்கும்போது மூக்கில் ஒரு சத்தம் வரும். அது எப்போதும் வருவதா, புதிதாக வருவதா என்று போன மாதம் முழுவதும் இப்படித்தான் குழம்பினேன்.

மதுரையில் கேமரா சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஹபீப் பாய்க்குப் போன் செய்தேன்.

"முன்னாடி கண்ணாடி உடைஞ்சா லென்ஸே உடைஞ்சதுன்னு அர்த்தமில்லம்மா. அது வெறும் சட்டை. சட்டை கிழிஞ்சதுக்கு ஆஸ்பத்திரிக்கா போவீங்க?"

"உள்ள எதுவும் நகந்திருந்தா பாய்?"

"அதை நீங்களே பாத்துரலாம். உடைஞ்ச கண்ணாடிய மட்டும் பக்குவமா எடுத்துருங்க. சுவத்துல தட்டையா எதையாவது மாட்டுங்க, பொடி எழுத்து இருந்தா நல்லது. கேமராவ ஸ்டாண்டுல நேரா நிறுத்தி எடுங்க. நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்தா பேசாம வேலையப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் கலங்கலா இருந்தா உள்ள கண்ணாடி நகந்திருக்கு. அனுப்பி வச்சிருங்க. ஆனா ஒண்ணு, சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும். மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம் என்றால் காலண்டர் வேலை இல்லை. அக்கா ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை அச்சடித்து ஏஜென்ட்டுகள் கையில் கொடுத்தாக வேண்டும். சிவகாசியில் அந்த ஒரு தேதியை மட்டும் யாரும் தள்ளிப் போட மாட்டார்கள்.

மிருதுளா இன்று நடக்கவில்லை. தவழ்ந்தாள். டிவி மேசைப் பக்கமே போகவில்லை.


ஜூன் 20, சனி

கண்ணாடித் துண்டுகளைப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். முடிக்கும் வரை மிருதுளாவை உள் அறையை விட்டு வெளியே விடக் கூடாது என்று அத்தையிடம் சொன்னேன். முடித்த பிறகு ஹாலைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் தவழ்ந்து பார்த்தேன். ஒரு துண்டும் இல்லை.

"பிள்ளைக்கு முன்னாடி நீ தவழ்ந்துட்ட" என்றார் அத்தை.

ஹாலில் பெரிய மாதக் காலண்டர் தொங்குகிறது. பாலகுருவின் அச்சகத்தில் அடித்தது. மேலே மலை, அருவி, தண்ணீர் குடிக்கும் மான். கீழே கட்டம் கட்டமாகத் தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் எறும்பு சைஸில் நட்சத்திரம், திதி, ராகு காலம். ஹபீப் பாய் கேட்ட பொடி எழுத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நான்கு மூலையிலும் செல்லோடேப் ஒட்டித் தட்டையாக்கினேன். எடுத்தேன்.

லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் ஊசி முனை. நடுப்பகுதி அருமை. வலது பக்கம் போகப் போக ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பாக ஒரு நிழல், மறுபக்கம் நீலமாக ஒரு கோடு. வலது ஓரத்தில் இருக்கும் மானின் மூக்கு இரண்டாகத் தெரிகிறது.

ஆக, உள்ளே நகர்ந்துதான் விட்டது. ஒரு நிம்மதி. இல்லை, கவலை. கவலை என்றுதான் எழுத வந்தேன்.


ஜூன் 21, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் ஒரு முறை எடுத்தேன். மதிய வெளிச்சத்தில் ஒரு முறை. பாலகுருவின் மேசை விளக்கை வைத்து ஒரு முறை. வலது ஓரம் மட்டும் கலங்கல். அவசரப்பட்டு முடிவுக்கு வரவில்லை என்பதற்காகத்தான் இத்தனை முறை.

மிருதுளா நடக்கவில்லை. அந்தச் சத்தம் அவள் மனதில் நின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நடந்தால் 'டங்' என்று கேட்கும் என்று நினைத்துவிட்டாளோ? வீட்டில் யாரும் எதையும் கீழே போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானம் அத்தை கையிலிருந்து கரண்டி நழுவியது. நான் ஓடி வந்து மிருதுளாவின் காதைப் பொத்தினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுக் கரண்டியை நோக்கித் தவழ்ந்தாள்.

"இனிமே பாத்திரம் கழுவுறதுக்கும் உன்கிட்ட லீவு லெட்டர் குடுக்கணும்போல" என்றார் அத்தை.


ஜூன் 22, திங்கள்

அக்காவுக்குப் போன் செய்தேன். தங்கலட்சுமி அக்கா எனக்கு உறவு இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் எடுத்த படங்களைத் தள்ளிவிட்டு, மணமகளான நானே எடுத்த ஒரே படத்தை மட்டும் நிறுத்தி வைத்துப் பார்த்தவர். தன் அப்பாவின் அச்சகத்தில் டிசைன் பிரிவை நடத்துகிறார்.

"அக்கா, லென்ஸ் கீழ விழுந்துருச்சு."

"ஐயையோ. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்லக்கா. ஆனா வலது ஓரம் கலங்கலா விழுது. சர்வீசுக்குத்தான் அனுப்பணும். உங்க ஷீட் பெரிசு. பெரிசு பண்ணினா தெரிஞ்சிரும்."

"தெரியும்தான். நம்ம ஏஜென்ட்டுங்க பிள்ளையோட கண் இமைய எண்ணிப் பாக்குற ஆளுங்க. வேற லென்ஸ் இல்லையா?"

"கேமராவோட வந்த சின்னது இருக்கு. அதுல உங்களுக்கு வேணுங்கிற மாதிரி வராதுக்கா."

"யாருகிட்டயாவது இரவல்?"

"கேட்டுப் பாக்குறேன்க்கா." (யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையோடு நேரம் எங்கே இருக்கிறது?)

"ஆறு பிள்ளைங்க ரேணு. ஆறு அம்மாக்காரிக. இவங்கள மேய்க்கிறதுக்கு உன்னை விட்டா ஆள் இல்லன்னுதான் உன்கிட்ட வந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். அப்புறம் விருதுநகர்ல ஒருத்தருக்குச் சொல்லிருவேன். கோவிச்சுக்காத."

நான் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறேன்? போனை வைத்துவிட்டு மிருதுளாவை மடியில் வைத்து வெகு நேரம் விளையாடினேன். ஞாயிற்றுக்கிழமை முழு நாள் அவளை விட்டுவிட்டு இருக்க வேண்டாம். நான் ஒன்றும் அதற்காகச் சொல்லவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?


ஜூன் 23, செவ்வாய்

நடக்கவில்லை. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. அத்தை சுண்டைக்காய் வத்தல் போட்டுக் குழம்பு வைத்தார். லென்ஸை மதுரைக்கு அனுப்ப அட்டைப்பெட்டி தேடினேன், சரியான அளவில் கிடைக்கவில்லை.


ஜூன் 24, புதன்

இன்று நடந்ததை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

பாலகுருவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. வேலைக்குக் கிளம்பும்போது ஹாலில் நின்ற கேமரா ஸ்டாண்டில் காலை இடித்துக்கொண்டார்.

"இது என்ன ரேணு, நாலு நாளா நடு வீட்டுல? பிள்ள தட்டி விழுந்துரும்ல?"

"டெஸ்ட்டுங்க. லென்ஸ் போச்சு. வந்து பாருங்க."

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வலது பக்கத்தைப் பெரிதாக்கினேன். "இந்தச் சிவப்பு நிழல் ஓரத்துக்குப் போகப் போகக் கூடுது பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இப்படி வந்தா உள்ள கண்ணாடி நகந்துருச்சுன்னு அர்த்தம்."

அவர் திரையைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடியும் திரை. பிறகு எழுந்து போய், எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் காலண்டரின் மேல் வைத்துக் குனிந்தார். அச்சடித்த தாளைச் சோதிக்க அச்சகத்தில் கொடுத்தது அது. குனிந்தவர் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"என்னங்க?"

"இங்க வா. நீயே பாரு."

பார்த்தேன். மானுக்கு இரண்டு மூக்கு. லென்ஸில் இல்லை, காலண்டரில். இருபத்தேழாம் தேதிக்குச் சிவப்பு நிழல். இருபதாம் தேதிக்கு நீல நிழல்.

"நாலு கலரையும் ஒண்ணுமேல ஒண்ணு அடிக்கிறோம்ல, அது சரியா உக்காரல. அன்னைக்கு மழை. பேப்பர் ஈரம் குடிச்சு ஒரு பக்கம் விரிஞ்சிருச்சு. அதான் வலது ஓரம் போகப் போகக் கலர் தள்ளிப் போயிருக்கு. கழிச்சுப் போட்ட கட்டுல இருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன்." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "எம்மா! இங்கிட்டு வாங்க! உங்க மருமக நம்ம காலண்டருக்குப் பரீட்சை வச்சு, லென்ஸ ஃபெயிலாக்கிட்டா!"

அத்தை ஈரக் கையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அந்த மானுக்கு ரெண்டு மூக்குன்னு எனக்குத் தை மாசமே தெரியுமே."

"சொல்லியிருக்கலாம்லத்த?"

"நீ கேக்கல, நான் சொல்லல. நம்ம வீட்டுல என்னைக்குத்தான் நல்ல காலண்டர் மாட்டியிருக்கோம்? நல்லதெல்லாம் விக்கப் போயிரும். இந்த ஊர்ல பிரஸ்காரன் வீடு பூராத்துலயும் கழிச்சுப் போட்டதுதான் தொங்கும். போன வருசம் ஒரு பிள்ளையார் இருந்தாரு, தும்பிக்கை பச்சையா."

நான் போடியில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் காலண்டர் மளிகைக்கடை அண்ணாச்சி சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தருவது. அச்சடித்தது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவள். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பச்சைத் தும்பிக்கைக்கு நான்தான் வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வயிறு வலிக்கச் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் மிருதுளாவும் சிரித்தாள்.

செருப்பை மாட்டும்போது பாலகுரு கேட்டார்: "அந்தச் சின்ன லென்ஸ்ல ஒரு தடவ இதையே எடுத்துப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. எடுத்துப் பாக்கலயா?"

"இல்ல."

"காலண்டரத் தலைகீழா மாட்டிப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ராத்திரி வரும்போது நல்ல ஷீட்டு ஒண்ணு கேட்டு எடுத்துட்டு வாரேன், அதை வச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஸ்காம் படித்தவள் நான். இரண்டையும் எனக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.


ஜூன் 25, வியாழன்

காலையில் எல்லா ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைத்தேன். மிக்ஸி ஜாரின் அடியில் இருந்த கறையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். அக்காவுக்குப் போன் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

பாலகுரு கொடுத்த ஷீட் மேசை மேல் சுருண்டு கிடந்தது. அதை மாட்டலாம் என்று ஸ்டாண்டை இழுத்தபோது மிருதுளா தவழ்ந்து வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கையில் கரண்டி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கரண்டியை விடுவதில்லை. திரை இல்லாத ஜன்னலிலிருந்து வெளிச்சம் நேராக அவள் கன்னத்தில் விழுந்தது.

சரி, ஷீட்டுக்குப் பதில் இவளையே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கேமராவைத் திருப்பி அவள் முகம் படத்தின் வலது ஓரத்தில் வரும்படி வைத்தேன். எடுத்தேன்.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். உதட்டோரத்தில் காய்ந்த கேழ்வரகுக் கஞ்சி ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் பூனை முடி. கண் இமை ஒவ்வொன்றும் தனித் தனியாக. கண்மணிக்குள் ஜன்னல், ஜன்னலுக்குள் நான், குனிந்தபடி.

என்ன லென்ஸ் இது! எனக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த சுவர் வெண்ணெய் மாதிரி கரைந்திருந்தது. இன்னொன்று எடுத்தேன். தரையில் படுத்து எடுத்தேன். கரண்டியில் அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது, அதை எடுத்தேன். டெஸ்ட் என்பதே மறந்துவிட்டது. அத்தை வந்து, "சோறு திங்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்டபோதுதான் எழுந்தேன்.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார்.

"விருதுநகருக்குச் சொல்லிரவா?"

"வேண்டாம்க்கா. வாரேன்."

"லென்ஸு?"

"லென்ஸ் நல்லாருக்குக்கா. காலண்டர்தான் கீழ விழுந்திருக்கு."

"என்னது?"

"நேர்ல சொல்றேன்."


ஜூன் 27, சனி

நாளைக்கு.

அத்தையிடம் எல்லாம் சொன்னேன். இட்லியை எவ்வளவு பிசைய வேண்டும், தூங்க வைக்கும்போது எந்தப் பக்கம் தட்ட வேண்டும், அழுதால் எந்த அழுகைக்கு என்ன பொருள்.

அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இம்புட்டு நாளும் இந்தப் பிள்ளை வேற வீட்டுலயா வளந்துச்சு?" என்றார்.

மிருதுளா இன்னும் நடக்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். சில நேரம் எனக்கே, உண்மையிலேயே பார்த்தேனா என்று தோன்றுகிறது.


ஜூன் 28, ஞாயிறு

உடம்பெல்லாம் வலிக்கிறது. தூக்கம் வரவில்லை. இது சந்தோஷத்தில் வரும் தூக்கமின்மை, எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

அக்காவின் அச்சகத்து மாடியில் ஆறு குழந்தைகள். கண்ணன், முருகன், தாமரைக்குள் ஒருத்தி, வாழைத்தாருக்கு நடுவில் ஒருவன், தலைப்பாகையும் ஏர்க்கலப்பையுமாக ஒரு விவசாயி, பானைக்குள் உட்காரும் ஒருத்தி. உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முருகன் வேலைத் தூக்கி அக்காவின் காலில் போட்டான். கண்ணன், கொடுத்த வெண்ணெயைத் தொடவே இல்லை, விவசாயியின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றான்.

"டேய், கிருஷ்ணா, சாமிடா நீ, எச்சி பிஸ்கட்டத் தின்னலாமா!" என்று அவன் அம்மா அலறினாள்.

மதுரையில் வேலை பார்த்தபோது நான் குழந்தைகளைக் கிலுகிலுப்பை ஆட்டித்தான் பார்க்க வைப்பேன். இப்போது அது தேவைப்படவில்லை. எந்தக் குழந்தைக்குத் தூக்கம், எதற்குப் பசி, எது சும்மா ஊரைக் கூட்டுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. பானைக்காரியைப் பானைக்குள் வைக்காமல் பானைக்குப் பக்கத்தில் விட்டு, உள்ளே ஒரு கரண்டியைப் போட்டேன். 'டங்' என்றது. அவள் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். அதுதான் அட்டைப்படம் என்று அக்கா அங்கேயே சொல்லிவிட்டார்.

தாமரைக் குழந்தை பசியில் அழுதபோது எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. கூச்சத்தில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அக்கா பார்த்துவிட்டார். "ரெண்டு அம்மாக்காரிகளுக்கும் பத்து நிமிசம் இடைவேளை!" என்று கைதட்டி அறிவித்து, என்னை உள் அறைக்கு அனுப்பினார்.

மதியம் வரை வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். "சாப்பிட்டா." "தூங்குறா." "எந்திரிச்சிட்டா." கடைசியாக அத்தை, "நீ படத்தப் பிடி, நான் பிள்ளையப் பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனையே அணைத்துவிட்டார். பாலகுருவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

அதற்குள் மனம் என்னென்னவோ நினைத்துவிட்டது. ஸ்டாண்டில் தட்டி விழுந்துவிட்டாளோ. எங்கோ ஒளிந்திருந்த கண்ணாடித் துண்டு காலில் குத்திவிட்டதோ. கடைசிப் படம் முடிந்ததும் ஆட்டோ பிடித்தேன். அக்கா சாப்பிடச் சொன்னது பின்னால் கேட்டது.

வாசலிலேயே சத்தம் கேட்டது. அழுகை இல்லை. அத்தையின் குரல்: "வா, வா, என் தங்கம், இன்னொரு எட்டு!"

உள்ளே அத்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாலகுரு போனைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ரேணு! நடந்துட்டா! எங்கம்மாகிட்ட இருந்து என்கிட்ட வரைக்கும்! உன் போன் வந்துச்சு, எடுத்தா படம் போயிரும்னு எடுக்கல."

"முதல் எட்டு!" என்றார் அத்தை. முகம் பளபளத்தது. "என் கண்ணு முன்னாலதான் முதல் எட்டு வச்சா!"

நான் வாயைத் திறந்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

"அப்படியாத்த?" என்றேன்.

மிருதுளா திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தையின் முழங்காலை விட்டாள். கேமரா பையை வாசலில் மெதுவாக, ஒரு சத்தமும் வராமல் வைத்தேன். இரண்டு கைகளும் காலியாக இருந்தன. அவள் தள்ளாடித் தள்ளாடி வந்தாள். கரண்டியும் கூடவே வந்தது. வழியில் ஒரு முறை நின்று, வந்த வேலையை மறந்துவிட்டு, மறுபடி நினைவுக்கு வந்து, கடைசி அடியில் ஓடி என் மேல் விழுந்தாள். கரண்டி தரையில் 'டங்' என்று விழுந்தது. அவள் பயப்படவில்லை. குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதையும் நீ படம் எடுக்கலயாக்கும்?" என்றார் அத்தை.

"இல்லத்த."

"நல்ல போட்டோக்காரி!"


ஜூலை 3, வெள்ளி

அக்காவுக்கு ஆறு படமும் பிடித்துவிட்டது. அச்சுக்குப் போகிறது. ஆடி முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சரிக்கா என்று வந்தது.

பாலகுரு அன்று எடுத்த படங்களை இன்று பார்த்தேன். வீடியோ எடுப்பதாக நினைத்துப் பதட்டத்தில் போட்டோ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லாம் ஒரே கலங்கல். ஒன்றில் அத்தையின் முழங்கை மட்டும். ஒன்றில் மின்விசிறி. ஒன்றே ஒன்றில் மிருதுளா: மஞ்சள் கவுன் காற்றில் இழுத்த சாயம் மாதிரி, முகம் தெரியாது, இரண்டு கால்களில் ஒன்று மட்டும் தரையில்.

நான் எடுத்த ஆறு படங்களையும் ஒரு பக்கம் வைத்து, இதையும் வைத்துப் பார்த்தேன். இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பாலகுரு அதைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார். "நீ எடுத்ததுல ஒண்ண மாட்டுவோம்னு சொன்னேன், அம்மா கேக்கல" என்றார். அத்தை ஆணியையும் சுத்தியலையும் அவர் கையில் கொடுத்து, மானுக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினார்.

"அவ எடுத்ததெல்லாம் ஊர் பூராத்துக்கும் போகுது. வீட்டுக்கு இதுதான்."


ஜூலை 5, ஞாயிறு

ஹபீப் பாய் கூப்பிட்டார். லென்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். காலண்டர் கதையைச் சொன்னேன். இருமல் வரும் வரை சிரித்தார்.

"அப்ப சர்வீசு தேவையில்ல. ஆனா அந்த வளையம் நசுங்கிப் போய் மாட்டியிருக்குன்னு சொன்னீங்களே. மதுரைப் பக்கம் வரும்போது கொண்டாங்க. வளையத்தக் கழட்டி, பள்ளத்த நிமித்திக் குடுத்துருதேன். விழுந்த தடமே தெரியாது."

மிருதுளா என் மடியில் இருந்தாள். லென்ஸ் அவள் மடியில். (கீழே மூன்று தலையணை போட்டிருந்தேன்.) வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் பள்ளத்தில் நிறுத்தினாள். சுண்டுவிரல் அதில் சரியாக உட்கார்ந்தது.

"வேண்டாம் பாய். அது அப்படியே இருக்கட்டும்."

"பாக்க நல்லா இருக்காதேம்மா?"

"இருக்கட்டும் பாய்" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன், அத்தை அடுப்படியில்தான் இருந்தார். "எம்பொண்ணு முதல்முதலா நடந்த அன்னைக்கு நான் எடுத்த படம் அது ஒண்ணுதான்."